இரட்டைக் கோடு

ஜூலை 3, வியாழன்

எச்.எம். கூப்பிட்டார். அவர் கூப்பிட்டாலே எனக்குச் சர்க்கரை ஏறும். "ஆவுடையப்பன் சார், ஆகஸ்ட் பதினாலு நம்ம பள்ளிக்கூடத்துல மாதிரி வகுப்பு. மாவட்டத்துலேர்ந்து அதிகாரிங்க வர்றாங்க. பன்னெண்டாம் வகுப்பு விலங்கியல் உங்களது. எபிஜெனடிக்ஸ் எடுங்க, புதுசா இருக்கும்" என்றார்.

புதுசாகத்தான் இருக்கும், எனக்கே புதுசு. முப்பது வருஷமாகப் பட்டாணிச் செடியை வைத்துக் காலத்தை ஓட்டியவன் நான். நான் படிக்கும்போது அந்த வார்த்தையை யாரும் சொன்னதாக ஞாபகமில்லை. ஆனாலும், "அதுக்கென்ன சார், ஜமாய்ச்சிரலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குத் தெரியாது என்பது அந்த மனுஷனுக்குத் தெரிந்துவிடக் கூடாது.

தென்காசியில் சாரல் நன்றாகப் பிடித்துவிட்டது. துணி காயவில்லை என்று காலையிலிருந்து பகவதியின் புலம்பல். சாரலையும் நான்தான் வரவழைத்தேன் என்பதுபோல என்னைப் பார்க்கிறாள்.

ஜூலை 5, சனி

சுடலைமணிக்குப் போன் போட்டேன். என் பழைய மாணவன். இப்போது மதுரையில் மரபணு ஆராய்ச்சி செய்கிறான். அவன் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் இவன்தான். விலங்கியலில் நூற்றுக்கு நூறு எடுத்த அன்றைக்கு அவனைத் தோளில் தட்டி, "ஏல, ஒனக்கு இந்த மூளை எங்கேருந்துல வந்துச்சு?" என்று கேட்டேன். நான் சாதி பார்க்கிறவன் இல்லை. ஜீனைப் பார்க்கிறவன்.

எபிஜெனடிக்ஸைப் பற்றிப் போனில் அவன் பொறுமையாகச் சொன்னான். "ஜீன் அப்படியேதான் இருக்கும் சார். அதுல எது பேசணும், எது வாயை மூடிட்டு இருக்கணும்னு மேல ஒரு குறி விழுந்திருக்கும். சாப்பாடு, வளர்ப்பு, மனக்கவலை இதெல்லாம் அந்தக் குறியை மாத்தும். தேனீயை எடுத்துக்கோங்க. ராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரே மாதிரி புழுதான். ராயல் ஜெல்லிங்கிற விசேஷ ஊட்டம் தின்னு வளர்ந்தது ராணி."

பிடித்துக்கொண்டேன். படங்கள் எல்லாம் செய்து அனுப்புகிறேன் என்றான். தங்கமான பையன். போன வருஷம் வண்டியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டபோது, "எங்கேயும் போகாதல, நம்ம உமாகிட்ட போ" என்று நான்தான் அனுப்பினேன். என் மகள் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். கை இப்போது நேராக இருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

வகுப்பில் ஒத்திகை. தேனீ அமோகமாக எடுபட்டது. அதோடு விடாமல் சொந்தச் சரக்கும் சேர்த்தேன்: "இதே பெஞ்சுல ஒரு பையன் இருந்தான். அவன் வீட்டுல புத்தகம்னு ஒண்ணு கிடையாது. அவன்கிட்ட இருந்த திறமை வாயை மூடிட்டு இருந்துச்சு. சரியான ஊட்டம் கிடைச்சதும் பேச ஆரம்பிச்சுது. இன்னிக்கு ஆராய்ச்சி பண்ணுதான்."

முன்பெஞ்சு ருக்சானா எழுந்தாள். அவள் எழுந்தால் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். "சார், அவங்களுக்கு ராயல் ஜெல்லி யாரு குடுத்தா?"

"யாரு குடுத்தான்னு நான் என் வாயால சொல்லக் கூடாது" என்றேன். கைதட்டினார்கள். அடக்கம் என்பது எங்கள் குடும்பத்தில் உண்டு.

மீதி நேரத்தில் வழக்கமான குடும்ப வரைபடம். வருஷா வருஷம் போடுவது. சதுரம் என்றால் ஆண், வட்டம் என்றால் பெண். சொந்தத்துக்குள்ளே கட்டிக்கொண்ட ஜோடி என்றால் நடுவில் இரட்டைக் கோடு. கீழே மூன்று வட்டம். இரண்டை நிழலடித்து விடுவேன்: பிறந்து தங்காத பிள்ளைகள். மூன்றாவது வட்டம் வெள்ளை. "நெருங்கின ரத்தத்துல கட்டாதீங்க. மறைஞ்சு கெடக்குற கோளாறு ரெண்டு பக்கமும் சேர்ந்தா வெளிய வந்துரும்" என்று தொண்டை கிழியச் சொல்வேன்.

"யாரு குடும்பம் சார்?" என்று வருஷத்துக்கு ஒருத்தன் கேட்பான். கற்பனை என்பேன்.

ஜூலை 9, புதன்

பல் வலி. யாரோடும் பேசவில்லை. வீட்டில் இரண்டு பேரும் நிம்மதியாக இருந்ததுபோலத் தெரிந்தது.

ஜூலை 12, சனி

சங்கரன்கோவிலிலிருந்து கோமதி அக்கா வந்தாள். கூடவே மகன் சங்கரலிங்கத்தின் ஜாதகமும் ஒரு படி அதிரசமும். "ஏல ஆவுடை, ஆடி கழியட்டும். ஆவணியில முடிச்சிருவோம். ஒன் மகளுக்கு அவன்தானல முறை" என்றாள். பையன் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். பேச்சு கொஞ்சம் முரடு. ஆனால் நம்ம பையன்.

வகுப்பில் நான் போடுகிற இரட்டைக் கோட்டைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்தேன்தான். அது நிகழ்தகவு. இது முறை. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. நானும் மாமன் மகளைத்தானே கட்டினேன், என்ன கெட்டுப்போய்விட்டது?

பகவதி காபியை அக்கா முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதிரசத்தை என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் உமா எதிரே வந்து உட்கார்ந்தாள். "அப்பா, சங்கரலிங்கம் அத்தானை நான் கட்டிக்க மாட்டேன். நான் ஒருத்தரை விரும்புறேன். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நோட்டீஸ் குடுத்துட்டோம். ஆகஸ்ட் பதினாலு கல்யாணம். நீங்க வந்து நிக்கணும்னு ஆசை."

"யாரு?"

"உங்க மாணவர்தான். சுடலைமணி."

பேப்பரில் ஆடித் தள்ளுபடி விளம்பரம் முழுவதையும் படித்தேன். ஒரு எழுத்தும் ஏறவில்லை. கையை நேராக்கிவிடு என்றுதானே அனுப்பினேன்!

ஜூலை 14, திங்கள்

சர்க்கரை 286. பகவதி ஏதோ கேட்க வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.

ஜூலை 16, புதன்

நான் உணர்ச்சிவசப்படுகிறவன் இல்லை. அறிவியல்பூர்வமாக யோசித்தேன். பரம்பரை என்று ஒன்று இருக்கிறது. சூளையில் வேலை பார்க்கிறவர்கள் உடம்பு வலிக்குக் குடிப்பார்கள், அது பிள்ளைக்கும் வரும். இதைத்தான் நான் பார்க்கிறேன், வேறொன்றுமில்லை. உமாவைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னேன்.

"அவங்க அப்பா குடிக்கவே மாட்டாரேப்பா" என்றாள். "நம்ம சித்தப்பாதான் குடிப்பாரு. அதுக்கு என்னை யாரும் வேண்டாம்னு சொல்லலையே."

என் தம்பியை இதில் இழுத்திருக்கக் கூடாது. வாய் நீளம். அவள் அம்மா பக்கத்து ஜீன்.

சாயங்காலம் சுடலைமணி படங்களை அனுப்பியிருந்தான். "வணக்கம் சார். மூணாவது படத்துல அம்புக்குறி மட்டும் பாத்துக்கோங்க." ஒன்றும் நடக்காததுபோல! என்ன நெஞ்சழுத்தம். படங்கள் பிரமாதமாக இருக்கின்றன. இறக்கி வைத்துக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

சர்க்கரை வியாதி. இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். "அவங்க குடும்பத்துல சர்க்கரை இருக்கான்னு விசாரிச்சியா? பின்னால உன் பிள்ளைங்கதான் கஷ்டப்படும்" என்றேன்.

"விசாரிச்சேம்ப்பா. யாருக்கும் இல்ல. உங்களுக்கு இருக்கு, தாத்தாவுக்கு இருந்துச்சு, கோமதி அத்தைக்கு இருக்கு, சங்கரலிங்கம் அத்தானுக்கு இப்பவே இருக்கு." வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டே சொன்னாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

பகவதி சமையல்கட்டிலிருந்து சிரித்ததுபோல ஒரு சத்தம். கேட்டால் தாளிக்கிற சத்தம் என்றாள்.

ஜூலை 23, புதன்

சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம் என்று ஆரம்பித்தேன். நாங்கள் முட்டைகூட உள்ளே விடாத வீடு. "அப்பா, சங்கரலிங்கம் அத்தான் குற்றாலத்துக்கு வந்தா முதல்ல எந்தக் கோழிக் கறிக் கடைக்குப் போறாருன்னு தெரியுமா?" என்றாள்.

தெரியும். பேச்சை மாற்றினேன்.

ஜூலை 27, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நான் சும்மா இருந்திருக்கலாம். "பண்றதே பண்றீங்க, ஆடி மாசத்துலயா? நோட்டீஸ் குடுக்கும்போது காலண்டரைப் பாக்க வேண்டாமா?" என்றேன். உண்மையிலேயே நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

உமா என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளையில் வீட்டுக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அப்படித்தான் உட்காருவாள். "அப்பா, குடி இல்லை. சர்க்கரை இல்லை. சாப்பாடும் இல்லை. நீங்க ஒரே ஒரு காரியம் செய்யுங்க. நெசமான காரணம் என்னவோ, அதை உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. ஒரு வார்த்தைதான். சொல்லிட்டீங்கன்னா நான் அவர்கிட்டப் போய் வேண்டாம்னு சொல்லிட்டு அத்தானைக் கட்டிக்கிறேன். உங்க மேல சத்தியம்."

பகவதி, "ஏட்டி!" என்று பதறிவிட்டாள்.

எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. ஒரு வார்த்தை! இவ்வளவு மலிவாக முடிகிறதே. வாயைத் திறந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி திறந்தேன். என் மகள் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பயந்துபோயிருந்தாள், அது எனக்குத் தெரிந்தது. நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்திருக்கிறாள்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

"பதினாலாம் தேதி வரைக்கும் டைம்" என்று எழுந்து போனாள்.

முப்பது வருஷம் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் எதை எதையெல்லாமோ கூசாமல் சொன்ன வாய் இது. இனப்பெருக்க மண்டலத்தையே இந்த வாய் சொல்லியிருக்கிறது.

ஜூலை 30, புதன்

குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். குளியலறையில் வருகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பெருக்கு

பகவதி தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் எல்லாம் செய்தாள். உமாவுக்கு டியூட்டி. சாப்பிடும்போது, "ஒரு வார்த்தைதானே, நீயே அவகிட்ட எடுத்துச் சொல்லேன், அம்மா சொன்னா கேப்பா" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசியது கிடையாது. இன்றைக்குப் பேசினாள்.

"வருசா வருசம் போர்டுல ஒரு படம் போடுதீயளாமே. ரெட்டைக் கோடு போட்டு, கீழ ரெண்டு வட்டத்தைக் கறுப்படிச்சு. யாருன்னு கேட்டா கற்பனைங்கீயளாம். உமா அதே பள்ளிக்கூடத்துல, உங்க வகுப்புல படிச்சவதான். அன்னைக்கு வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதா. அந்த வெள்ளை வட்டம் நான்தானே அம்மான்னா."

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"அந்த ரெண்டுக்கும் நான் பேரு வச்சிருந்தேன். மூத்தவ தொண்ணூறு நாள் இருந்தா. எதனால போச்சுன்னு ஊருப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுத்தீய. ஏங்கிட்ட ஒரு நாள் சொன்னீயளா? உங்க அம்மை என்னைத் தரித்திரம்னு சொன்னப்ப, அது இவ குத்தம் இல்லன்னு சொன்னீயளா? இப்ப எம் மவளையும் அந்த ரெட்டைக் கோட்டுக்குள்ள தள்ளப் பாக்கீய. நான் பதினாலாந் தேதி ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போறேன். சாட்சிக் கையெழுத்து நான் போடுவேன்."

பிறகு, "எலுமிச்சைச் சாதம் இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். துக்கமாக இருந்தது. பெயர் என்னவென்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அக்கா போன். எப்படியோ தெரிந்திருக்கிறது. "ஏல, அவன் என்ன ஆளுன்னு தெரியுமால? நம்ம தெருவுல நடக்க முடியுமா இனி?" என்று அந்த வார்த்தையைச் சர்வசாதாரணமாகச் சொன்னாள். மூன்று தடவை சொன்னாள். எனக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இத்தனைக்கும் அவள் சொன்னது நான் நினைத்ததைத்தான்.

"சங்கரலிங்கத்துக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கு?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 13, புதன்

லேப்டாப்பில் எல்லாப் படங்களையும் ஒரு தடவை பார்த்தேன். சுடலைமணியிடமிருந்து செய்தி வந்தது.

"சார், நாளைக்கு வகுப்பு நல்லா வரும். ஒரே ஒரு திருத்தம். ராயல் ஜெல்லி ராணிப் புழுவுக்கு மட்டும்னு சொல்லிராதீங்க. முதல்ல கொஞ்ச நாள் எல்லாப் புழுவுக்கும் அதுதான் கிடைக்கும். அப்புறம் மத்ததுக்கெல்லாம் நிறுத்திருவாங்க. ராணிக்கு மட்டும் நிறுத்த மாட்டாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

நாளைக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இவனுக்குப் புழுவைப் பற்றிக் கவலை. ஒரு மாசமாக நான் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் அவனுக்கு ஊட்டினேன் என்று வேறு சொன்னேன். 'நன்றி' என்று அடித்தேன். 'தம்பி' என்று சேர்த்தேன். பிறகு 'தம்பி'யை அழித்துவிட்டு அனுப்பினேன்.

உமா வாசலில் நின்றுகொண்டு, "அப்பா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

"வகுப்புக்குத் தயார் பண்ணிக்கிட்டு இருக்கேன்மா" என்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் பகவதி அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். உமா என் காலைத் தொட்டாள். ஆசீர்வாதம் பண்ண வாய் வரவில்லை, தலையில் கை மட்டும் வைத்தேன். கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்திருந்தேன். அவர்கள் ஆட்டோ வடக்கே போனது, என் வண்டி தெற்கே.

பத்தே முக்காலுக்கு வகுப்பு. அதிகாரிகள் மூன்று பேர், எச்.எம். புதுச்சட்டை. தேனீயைப் பற்றிச் சரியாகவே சொன்னேன், எல்லாப் புழுவுக்கும் முதலில் உண்டு என்று. திரையில் இரண்டாவது படம் ஓடும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டரும் ஓடவில்லை. எச்.எம். முகத்தில் ரத்தம் இல்லை.

சாக்பீஸை எடுத்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. கை தெரிந்துகொண்டது. சதுரம், வட்டம், நடுவில் இரட்டைக் கோடு. கீழே மூன்று வட்டம். இரண்டை நிழலடித்தேன். இந்தத் தடவை சாக்பீஸ் கனத்தது. "ஜீன்ல இருக்குறது ஒரு பக்கம். இது வேற பாடம். இதையும் தெரிஞ்சுக்கணும்" என்று ஏதோ சமாளித்தேன்.

ருக்சானா எழுந்தாள். "சார், இந்த மூணாவது பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று தாண்டியிருந்தது. "இப்பத்தான் ஆகுது" என்றேன்.

வெள்ளை வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் போட்டேன். நடுவில் கோடு இழுத்தேன்.

"சார், ஒத்தைக் கோடு போட்டுட்டீங்க. சொந்தம் இல்லையா?"

"இல்ல. அசல்."

"தூரத்துச் சொந்தம்கூட இல்லையா சார்?"

"சுத்தமா அசல்ம்மா" என்றேன். சாக்பீஸ் தூள் என்று இருமிக்கொண்டேன். "அப்போ இவங்களுக்குப் பொறக்குற பிள்ளைக்கு ஆபத்து?"

"கொறைவு சார்!" என்று நாற்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"உக்காருங்க" என்றேன். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அதிகாரி எழுந்து வந்து கை குலுக்கினார். கரண்ட் இல்லாமலேயே பிரமாதம் என்றார். "உதாரணம் உயிரோட்டமா இருந்துச்சு சார். உண்மையான குடும்பமா?"

"கற்பனை சார்" என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். பகவதி பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். மேசையில் லட்டு. எப்போதும்போல் எட்டாத இடத்தில் வைக்கவில்லை. அவளிடம், "அந்த ரெண்டு பேரு பேரு என்ன?" என்று கேட்டேன். புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டே சொன்னாள். இங்கே எழுதுகிறேன்: வடிவு, சாலாச்சி.

அந்த இன்னொரு வார்த்தையையும் எழுதிப் பார்த்துவிடலாம் என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வரவில்லை. லட்டு ஒன்று தின்றேன், பிறகு இன்னொன்று.

"ஞாயித்துக்கெழம ஆவணி பொறக்கு. மாப்பிள்ளையும் பொண்ணும் சாப்பிட வாராக. எலை போடணும்" என்றாள் பகவதி. "மாப்பிள்ளை பக்கத்துல நீங்க உக்காருவீயளா, இல்ல அன்னைக்கும் பல் வலியா?"

பல் வலி போன மாசமே சரியாகிவிட்டது என்றேன்.